பிரதீபன் ஓடாத நாளின்ர அட்டை

1

உண்மையைச் சொல்லிப்போடுறன். இந்தக் கதை எனக்கு ஒரு பசைப் போத்தலில இருந்து வந்தது. சில்க்போர்க்கில கூட்டாளி ஒருத்தியின்ர வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால், கோப்பை வைக்க மேசையில இடமில்லை. முழுக்கப் பசை பூசின அட்டையள் காயுது. முன்பக்கம் பேஸ்போல் விளையாடுற ஆளின்ர படம், பின்பக்கம் அந்தாள் எத்தினை தரம் பந்தை அடிச்சது எண்ட விபரம். எல்லாம் அவளே வீட்டில செய்தது. டென்மார்க்கில பேஸ்போலோ? அதுவும் எங்கட சனமோ? எனக்குச் சிரிப்பு அடங்கேல்லை.

கதையில அவளுக்கு யூலியானா எண்டு பேர் வைக்கிறன். இந்தப் பேருக்கே ஒரு மணித்தியாலம் சண்டை பிடிச்சவள்.

2

முதல் தொடக்கம்: "ஏரிக்கரையில் மாலைச் சூரியன் மெல்ல மெல்ல…" சீ, அண்டைக்கு மழை.

ரெண்டாவது: "விளையாட்டு என்பது வாழ்க்கையின்…" ஐயோ, ஆரப்பா இதை எழுதினது?

மூண்டாவது: யூலியானா ஓட்ஸ் பெட்டியை வெட்டினாள்.

ஓம், இது நிக்கட்டும். அவளுக்கு நாப்பத்திரண்டு வயசு, வயோதிபர் இல்லத்தில வேலை. புருசன் பிரதீபனுக்குப் பக்கத்து ஊர் பிராண்டேயில, காத்தில மின்சாரம் எடுக்கிற காத்தாடி செய்யிற ஃபேக்டரியில வேலை. அவன் விளையாடுற அணிக்கு இவள்தான் புள்ளி எழுதுறவள். சீசன் முடியுதெண்டு ஒன்பது பேருக்கும் அட்டை செய்யத் தொடங்கினாள். படத்தை அச்சடிச்சு, ஓட்ஸ் பெட்டியில ஒட்டி, மேல பாரம் வைக்கவேணும். பைபிளை வைக்க மனம் வரேல்லை, அரிசிப் பையைத் தூக்கி வைச்சாள். மூலையளை நகவெட்டியால வளைச்சாள்.

எட்டு அட்டை முடிஞ்சுது. ஒன்பதாவதுதான் பிரச்சினை. அது பிரதீபன்.

3

போன சனிக்கிழமை, கடைசிக்கு முதல் ஆட்டம். ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. ஜெனுசன் மூண்டாவது தளத்தில நிக்கிறான், அவன் ஓடி வந்து சேர்ந்தால் சரி. அடிக்க நிக்கிறது பிரதீபன். சீசன் முழுக்க ஒரு பந்திலயும் துடுப்புப் படாத மனுசன்.

டொங்!

பட்டிட்டுது! எதிரணி ஆக்கள் ரெண்டு பேருக்கு நடுவால பந்து பறக்குது. பிரதீபன் என்ன செய்தான்? நிண்ட இடத்திலயே நிண்டு, கையைத் தூக்கி, "பொறு! பொறு!" எண்டான்.* ஜெனுசனும் நல்ல பிள்ளையாய்ப் பொறுத்தான். பந்து ஆறுதலாய் முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பிரதீபன் கடைசி அவுட், வெற்றியும் போச்சுது.

(* கிரிக்கெட் தெரியாத ஆக்களுக்கு: அங்க அடிச்சாப்பிறகு ஓடுறதும் விடுறதும் உங்கட விருப்பம். சோடி "பொறு" எண்டால் பொறுக்கவேணும். பேஸ்போலில பந்து உள்ளுக்கு விழுந்தால் ஓடியே ஆகவேணும். முப்பது வருசக் கிரிக்கெட் பழக்கம் லேசில விடுமோ?)

[ஜெனுசனை வெட்டிவிடுவமோ? ஒரு ஆள் மடைத்தனம் செய்தால் நம்பலாம். ரெண்டு பேரெண்டால் ஆர் நம்புவினம்? கூட்டாளியைக் கேட்டன். "ரெண்டு பேரும் செய்தவை, நான் கண்ணால கண்டனான்" எண்டாள். சரி, இருக்கட்டும்.]

4

அண்டையில இருந்து பிரதீபன் பயிற்சிக்குப் போறேல்லை. "என்னால அவையின்ர முகத்தில முழிக்க ஏலாது" எண்டு சோபாவில படுத்திட்டான். வாற சனி கடைசி மச். எட்டுப் பேரோட விளையாட விடமாட்டினம். அணியைவிட யூலியானாவுக்கு அந்தச் சோபாதான் பயம். சிரிச்சுக் கதைச்சுத் திரிஞ்ச மனுசன் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதை அவளால தாங்க முடியேல்லை.

அவன் விளையாடுற படமெண்டு அவளிட்ட இருக்கிறது அந்தக் கையைத் தூக்கின படம் மட்டும்தான். கேலியெண்டு நினைச்சானெண்டால் எல்லாம் முடிஞ்சுது. எண்டாலும் ஒட்டினாள். பின்பக்கம் "அடிச்சது: 1" எண்டு எழுதினாள். விதிப்படி சைபர். புள்ளி எழுதுறவள் எழுதின முதல் பொய்.

5

முடிவு அ: அவன் அட்டையைக் கிழிச்சு… எனக்கே அழுகை வந்திட்டுது. அழிச்சிட்டன்.

முடிவு ஆ: சனிக்கிழமை ஏழு தரம் அடிச்சு, எல்லாரும் அவனைத் தோளில… ஆருக்குக் காதில பூச்சுத்துறன்?

நடந்தது இதுதான்.

"இதென்னப்பா?"

"உங்கட அட்டை."

திருப்பிப் பாத்தான். "இது பொய். நான் அவுட். எழுதுறனீர் நீர், உமக்குத் தெரியாதோ?"

"பந்து பட்டதோ இல்லையோ?"

"பட்டது."

"சத்தம் கேட்டதோ?"

"ஓம்… நல்ல சத்தம்." வாய் தன்பாட்டில சிரிச்சிட்டுது. "வயிறு உவ்வளவு தள்ளிக்கொண்டோ நிக்குது?"

"வெட்டிக் குறைச்சுத்தான் ஒட்டினனான்."

அவ்வளவுதான்! ரெண்டு பேரும் சோபாவில விழுந்து விழுந்து சிரிச்சினம். பிறகு அவன் பேனையை எடுத்து ஒண்டை வெட்டிப்போட்டு சைபர் எண்டு எழுதினான்.

"உதை நான் விளையாடி மாத்துறன்" எண்டான்.

6

சனிக்கிழமை. ஒன்பது பேர் நிக்கினம். பிரதீபன் துடுப்பைத் தூக்குறான். யூலியானாவுக்குப் பக்கத்துக் கதிரையை உங்களுக்கெண்டு வெறுமையாய் விட்டிருக்கிறன், வந்து இருங்கோ. என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும். கொன்றாலும் சொல்லமாட்டன்.

பந்து வருது.

டொங்!

யூலியானா ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு உங்கட கையைப் பிடிக்கிறாள்.

"நான் பாக்கேல்லை, நான் பாக்கேல்லை! சொல்லுங்கோ, மனுசன் ஓடுதோ?"