பந்து வரத் தொடங்கிய வருடம்

சுடரொளி மகளிர் கழகத்தின் காலம் முடியப்போகிறது என்பதை முதலில் அறிந்தவள் அதன் கோல்காப்பாளர் கஜேந்தினி. அவள் அதை ஆராய்ந்து அறியவில்லை. பந்து அவளிடம் வரத் தொடங்கியது, அவ்வளவுதான்.

ஸ்கந்தபுரத்துச் சுடரொளியைத் தெரியாதவர்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் குறைவு. மகளிர் உதைபந்தாட்டக் கிண்ணம் ஒன்பது வருடங்களாக அவர்களிடமே இருந்தது. முதலில் சில வருடங்கள் ஏற்பாட்டாளர்கள் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், இறுதியாட்டத்தன்று திரும்பக் கொடுத்தார்கள். பிறகு அந்த அலைச்சல் எதற்கென்று விட்டுவிட்டார்கள். சுடரொளியினரே அதைப் புளி போட்டு மினுக்கி, உரப்பையில் சுற்றி, தங்களுக்கு வழங்கப்படுவதற்காக மைதானத்துக்குக் கொண்டுபோவார்கள்.

இப்படியான அணிக்குக் கோல்காப்பாளராக இருப்பது ஒரு தனி உத்தியோகம். மற்றப் பத்துப் பேரும் அங்கால் பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கஜேந்தினி இங்கால் பக்கம் தனியாக நிற்பாள். மைதானத்துக்குப் பின்னால் யார் வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள், எந்த மாடு எந்த வேலிக்குள் தலையை விடுகிறது, ஐஸ்கிறீம் வான்காரன் யாரோடு சண்டை பிடிக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால்தான் தெரியாது. அது தூரத்தில் நடந்த விஷயம். ஓர் இறுதியாட்டத்தில் அவள் பந்தைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் இடைவேளையில்.

அண்ணன் நிஷாந்தனுக்குக் கல்யாணம் சரிவந்ததும் இதனால்தான். தங்கச்சி விளையாடுகிறாளே என்று பார்க்க வந்தவனுக்குத் தங்கச்சியிடம் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு முன்னால், பின்களத்தின் நடுவில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த அணித்தலைவி ராஜினியைப் பார்த்தான். அடுத்த ஆவணியில் ராஜினி அவர்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் மைதானத்திலும் கஜேந்தினிக்கு முன்னால் நிற்பது அண்ணிதான்.

பந்து வரத் தொடங்கிய அந்த வருடத்தின் முதலாவது ஆட்டத்தில் பரந்தன் அணி ஒன்றைச் சுடரொளி நாலுக்கு ஒன்று என்று வென்றது. எல்லோரும் நாலைப் பற்றிக் கதைத்தார்கள். கஜேந்தினி வீட்டுக்கு வந்து உள்ளங்கைகளைப் பார்த்தாள். சிவந்திருந்தன. விழுந்தது ஒன்றுதான். வந்தது அதைவிட எவ்வளவோ கூட.

அடுத்த பயிற்சியன்று பயிற்றுநர் செல்வநாயகம் சேரிடம் போனாள். அவர் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். ஒன்பது கிண்ணங்களுக்கும் காரணம் தன்னுடைய ஒழுக்கப் பயிற்சி என்று உறுதியாக நம்புபவர்.

"சேர், பந்து வருது."

"எங்கை வருது?"

"என்னட்டை."

"நீ கீப்பர். உன்னட்டை வராமல் என்னட்டையே வரும்?"

"முந்தி வாறேல்லை சேர்."

சேர் விசிலைக் கையில் எடுத்து ஊதாமல் திரும்ப விட்டார். "ஏன் வருது எண்டு நினைக்கிறாய்?"

இதற்கு விடை அவளிடம் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். "ராஜினி அண்ணிக்கு இடப்பக்கம் திரும்ப ஏலாமல் கிடக்கு. முழங்கால். அந்தப் பக்கத்தாலைதான் வருகினம்."

"நாலு ஒண்டு எண்டு வெண்டிருக்கிறம்," என்றார் சேர். "வென்ற அணியை நான் மாத்திறேல்லை."

சேர் அணியை மாற்றவில்லை. ஆனால் கஜேந்தினி சொன்னதை ராஜினியிடம் சொல்லிவிட்டார். அன்று மாலை குசினியில் ராஜினி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் பூசிய எண்ணெயின் மணம் புட்டையும் தாண்டி வந்தது.

"என்ரை காலைப் பற்றிச் சேரிட்டைக் கதைச்சியாம்."

"ஓம் அண்ணி."

"எனக்கு முன்னாலை சொல்ல வாயில்லையோ?"

கஜேந்தினி யோசித்துப் பார்த்தாள். "இல்லை," என்றாள்.

அதோடு ராஜினி அவளோடு கதைப்பதை நிறுத்தினாள். ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒரே அணியில் இருந்துகொண்டு கதைக்காமல் விடுவது இலேசான வேலை இல்லை. எல்லாம் நிஷாந்தன் ஊடாகப் போனது. "உங்கடை தங்கச்சியிட்டைச் சொல்லுங்கோ, அரிசி ஊறப்போடச் சொல்லி" என்பாள் ராஜினி. தங்கச்சி பக்கத்தில்தான் நிற்பாள். நிஷாந்தன் சொல்வான். கஜேந்தினி ஊறப்போடுவாள். நெல்லு வெட்டும் மெசின் ஓட்டுகிறவன் அவன். பகல் முழுக்க மெசின் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இந்தத் தபால் வேலை. அம்மா அமராவதி மட்டும் இதில் தலையிடவில்லை. காற்சட்டை போட்டு விளையாடினால் இப்படித்தான் வரும் என்று அவர் பத்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்.

கஜேந்தினி வேலை செய்தது கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பயிர் மருந்துக் கடையில். வயல்காரர்கள் மருந்து வாங்க வந்தால் மருந்தைப் பற்றிக் கொஞ்சமும் சுடரொளியைப் பற்றி மிச்சமும் கதைப்பார்கள். அரையிறுதியில் சுடரொளி இரண்டுக்கு ஒன்று என்று தட்டுத்தடுமாறி வென்ற கையோடு, ஊர்க்காரர் முத்துலிங்கம் நெல்லில் விழுந்த அறக்கொட்டிப் பூச்சிக்கு மருந்து வாங்க வந்தார்.

"உங்கடை காலம் முடிஞ்சுதாம் எண்டு கதைக்கினம், பிள்ளை."

"ஆர் அண்ணை கதைக்கினம்?"

"நான்தான்." அவர் போத்தலைத் திருப்பித் திகதியைப் பார்த்தார். "வெள்ளைச் சட்டையோடை விளையாடேக்கை ஒரு குறையும் இல்லை. ஊதாவுக்கு மாத்தினதோடை போச்சு. பூநகரிப் பெட்டையள் இந்த முறை விடமாட்டாளவை. மணலிலை ஓடிப் பழகினவை. புல்லுத் தரை அவைக்குச் சிமெந்து மாதிரி."

"சட்டை இல்லை அண்ணை. பந்து வருது."

"எங்கை?"

"என்னட்டை."

முத்துலிங்கம் போத்தலைக் கீழே வைத்தார். இதுவரை சொன்னதெல்லாம் அவருக்கு விளையாட்டு. இது வேறு. "அது கூடாதே," என்றார்.

இறுதியாட்டம் பூநகரியின் கடலலை அணியோடு. கிளிநொச்சி மைதானத்தில் என்றுமில்லாத சனம். ஒன்பது வருடமும் முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு வராதவர்கள் எல்லாம் அன்று வந்திருந்தார்கள். செல்வநாயகம் சேர் அணியை வட்டமாக நிற்கவைத்து, "வழமை மாதிரி விளையாடுங்கோ" என்றார். கிண்ணம் உரப்பையோடு பிரமுகர்களின் மேசையில் இருந்தது.

விசில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே பந்து வந்தது. கடலலையின் முன்கள வீராங்கனை சுமித்திரா மெலிந்த பிள்ளை, காலில் சில்லுப் பூட்டியது போல ஓடினாள். ராஜினியின் இடப்பக்கத்தால் வந்து அடித்தாள். கஜேந்தினி பாய்ந்து தட்டிவிட்டாள். எழும்புவதற்குள் கோர்ணர் உதையில் இருந்து மறுபடி வந்தது. குத்தினாள். மறுபடி வந்தது. இந்த முறை வயிற்றில் பட்டது. அப்படியே அணைத்துக்கொண்டு விழுந்து கிடந்தாள். புழுதி வாய்க்குள் போயிருந்தது. பந்து சூடாக இருந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

எழும்பும்போது, இதைச் சொல்வதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

இனிக் கதைக்காமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தது. சுமித்திரா மறுபடி ஓடிவர, கஜேந்தினி கத்தினாள். "அண்ணி, இடப்பக்கம்! இடப்பக்கம்! நீங்கள் நில்லுங்கோ, நான் வாறன்!"

ராஜினி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றாள். கஜேந்தினி வெளியே பாய்ந்து பந்தைச் சுமித்திராவின் காலடியில் வைத்தே பிடித்தாள்.

"இன்னும் ரெண்டடி முன்னுக்கு நில்," என்றாள் ராஜினி. அந்த மாதத்தில் அவள் நேராகச் சொன்ன முதல் வசனம் அது.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. சுடரொளியின் முன்களத்தார் வழமைபோல் அங்கால் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்காலாகத் திரும்பினார்கள். இரண்டாவது பாதியில் போவதையும் குறைத்துக்கொண்டார்கள். கஜேந்தினிக்கு நேரம் போனதே தெரியவில்லை. மைதானத்துக்குப் பின்னால் அன்று என்ன நடந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிகிற தறுவாயில் சுமித்திரா ராஜினியைத் தாண்டினாள். ராஜினி திரும்ப முயன்றாள், முழங்கால் விடவில்லை. வேறு வழியில்லாமல் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மத்தியஸ்தர் பெனால்டி கொடுத்தார். ராஜினி வாதாடவில்லை. இழுத்தது அவ்வளவு பச்சையாகத் தெரிந்தது.

சுமித்திரா பந்தை வைத்துவிட்டு ஒரு தரம் வலது மூலையைப் பார்த்தாள். பார்த்த பக்கம் அடிக்கமாட்டாள் என்று கஜேந்தினி இடப்பக்கம் பாயத் தீர்மானித்தாள். பிறகு, இவள் சின்னப் பிள்ளை, பார்த்த பக்கமே அடிப்பாள் என்று மனதை மாற்றினாள். சுமித்திரா அடித்தாள். கஜேந்தினியின் விரல்நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. சனம் எழும்பிக் கத்தியது. பூநகரிச் சனமும் சேர்ந்துதான் கத்தியது. ராஜினி ஓடிவந்து அவளுடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் இடித்துக்கொண்டாள். அது கட்டிப்பிடித்ததா அடித்ததா என்பது தெளிவாகவில்லை.

பிறகு கோர்ணர். பந்து தாழ்வாக வந்தது. யாரும் தொடவில்லை. கஜேந்தினி அது போகிற பாதையில் சரியாகப் போய் நின்றாள். ராஜினி அதை வெளியே அடிக்கக் காலைத் தூக்கினாள். கால் உயரவில்லை. பந்து அவளுடைய முழங்காலில் பட்டுத் திரும்பி, கஜேந்தினி நிற்காத பக்கத்தால் மெதுவாக உருண்டு உள்ளே போனது.

சுடரொளியின் காலம் அப்படித்தான் முடிந்தது. எதிரணியில் ஒருவராலும் அடிக்க முடியாத கோலை அணித்தலைவியே அடித்து முடித்துவைத்தாள்.

இறுதி விசிலுக்குப் பிறகு ராஜினி புல்லில் இருந்தாள். கஜேந்தினி பக்கத்தில் போய் இருந்தாள்.

"பந்து வருது எண்டு சொன்னனி," என்றாள் ராஜினி.

"ஓம்."

"நான் இல்லாட்டி இன்னும் கூட வந்திருக்கும்."

"ஓம் அண்ணி. அதுவும் சரிதான்."

தோற்ற அணி என்ன செய்யவேண்டும் என்று சுடரொளியில் யாருக்கும் தெரியவில்லை. பழக்கதோசத்தில் மேடைக்குக் கிட்டப் போய் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வந்து, "நீங்கள் அங்காலை" என்று கையைக் காட்டினார். செல்வநாயகம் சேரிடம் தோல்விக்கான பேச்சு இருக்கவில்லை. ஒலிவாங்கியைக் கொடுத்தபோது, "இந்த வெற்றி எங்கள் ஒழுக்கத்துக்குக் கிடைத்த..." என்று தொடங்கி, நிறுத்தி, "இந்த ஆட்டம்" என்று திருத்தி, பிறகு எல்லோருக்கும் நன்றி சொல்லி இறங்கிவிட்டார். சுமித்திரா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேரே ராஜினியிடம் வந்தாள்.

"அக்கா, அந்த உரப்பையையும் தாங்கோவன். பஸ்ஸிலை கொண்டுபோகோணும்."

ராஜினி கொடுத்தாள். புளி போட்டு மினுக்கினால்தான் பளபளக்கும் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

அணியினர் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மாவட்ட அணித் தெரிவாளர் ஒருவர் கஜேந்தினியைத் தேடி வந்தார். ஒவ்வொரு வருடமும் சுடரொளியில் இருந்து ஐந்தாறு பேரை எடுத்துக்கொண்டு போகிறவர் அவர். கஜேந்தினியிடம் ஒருநாளும் வந்ததில்லை.

"நீர் எவ்வளவு காலமா இந்த அணியிலை?"

"தொடக்கத்திலை இருந்து சேர்."

"நான் எல்லா இறுதியாட்டமும் பார்த்தனான். உம்மைக் காணேல்லையே."

"நிண்டனான் சேர்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த மாதம் வவுனியாவில் பயிற்சி, வரமுடியுமா என்று கேட்டார். அந்த முறை சுடரொளியில் இருந்து வேறு ஒருவரையும் அவர் கேட்கவில்லை.

திரும்பிப் போகும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் பாடவில்லை. சாரதிக்கு விசயம் தெரியாது. அவன் வழமைபோல் ஐஸ்கிறீம் கடையடியில் நிறுத்தினான். நிறுத்திய பிறகு இறங்காமல் இருப்பது இன்னும் கூச்சமாக இருக்க, எல்லோரும் இறங்கி ஐஸ்கிறீம் குடித்தார்கள். கஜேந்தினி ஒரு மூலையில் நின்று முகத்தை நீட்டி வைத்திருக்கப் பாடுபட்டாள்.

ராஜினி நொண்டிக்கொண்டு கிட்ட வந்தாள். "சந்தோசமா இருக்கிறாய், என்ன?"

"இல்லை அண்ணி."

"பொய் சொல்லாதை."

"கொஞ்சம்."

ராஜினி தன்னுடைய ஐஸ்கிறீமை அரைவாசியில் நிறுத்தி, கஜேந்தினியின் கோப்பைக்குள் தட்டினாள். "எனக்குப் பல்லுக் கூசுது," என்றாள். ராஜினிக்குப் பல்லுக் கூசியதாக வீட்டில் யாரும் முன்பு கேள்விப்பட்டதில்லை.

சுடரொளி அதற்குப் பிறகு எழும்பவில்லை. அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியே போனது. முத்துலிங்கம் இதை ஊதாச் சட்டையின் கணக்கில் எழுதினார். ராஜினி முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்து, விளையாட்டை விட்டாள். அதட்டுவதை மட்டும் அவளால் விட முடியவில்லை.

வவுனியாவில் மாவட்ட அணிக்காகக் கஜேந்தினி விளையாடிய முதல் ஆட்டத்துக்கு நிஷாந்தன் ராஜினியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான். மாவட்ட அணி அன்று பொல்லாத அடி வாங்கிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குள் மூன்று கோல். கோலுக்குப் பின்னால் ராஜினி கதிரையில் இருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அமராவதி வாழ்க்கையில் முதல் தடவையாக மகள் விளையாடுவதைப் பார்த்தார். பாய்வதும் விழுவதும் எழும்புவதும், புழுதியும்.

"இவ்வளவு நாளும் இதையே செய்துகொண்டிருந்தவள்?" என்று மருமகளிடம் கேட்டார்.

"இல்லை மாமி. இப்பதான் தொடங்கியிருக்கிறாள்," என்றாள் ராஜினி. பிறகு, "கஜேந்தினி, முன்னுக்கு வாடி!" என்று கத்தினாள்.