துளசியின் தொண்டைக்குள் வெளிச்சம்

கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்று ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல நான் உட்காரவில்லை. எட்டு வயசு மகள் துளசிக்கு ஒரு வருஷமாகக் குரல் கம்மிப்போய்க் கிடந்தது. ஐஸ் தண்ணீரைக் குறை சொன்னேன், பள்ளிக்கூடத்து ஃபேனைக் குறை சொன்னேன், செம்பனை ஆலைப் புகையைக்கூட விடவில்லை.

கலும்பாங் பக்கத்து அந்த ஆலையில்தான் இருபது வருஷமாக பாய்லர் வேலை பார்க்கிறேன். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். எதிரே நிற்பவர் வாயைப் பார்த்தே சமாளித்துவிடுவேன். டாக்டரிடம் காதைக் காட்டச் சொல்லி என் மனைவி லோகேஸ்வரி சண்டை பிடிப்பாள். செவிடன் என்று பேர் வாங்க நான் தயாராயில்லை. அன்று அவளுக்கு ராவாங் ஃபேக்டரியில் லீவு கிடைக்காததால் பிள்ளையை கோலாலம்பூருக்கு நானே அழைத்துப் போனேன்.

பிள்ளைகள் வளர வளரக் குரல்நாண் எப்படி அடுக்கடுக்காக உருவாகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. மெல்லிய குழாயை வாயில் வைத்து வெளிச்சத்தை அனுப்புவார்கள், திரும்பி வரும் வெளிச்சத்தைக் கொண்டு உள்ளடுக்குகளைப் படமெடுப்பார்கள், அறுப்பதில்லை, ஊசியில்லை என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் போட்டிருந்தது. படித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கார் பார்க்குக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பிரமிளா முகக்கவசம் போட்டிருந்தார். குழாய் வாயில் இருக்க, துளசி அசையாமல் 'ஈ' என்று இழுத்தாள். திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாம்பல் கோடுகள் வந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் தடித்திருந்தது. டாக்டர் அதைத் தொட்டுக் காட்டி நெடுநேரம் பேசினார். வாய் மறைந்திருந்ததால் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எல்லாம் புரிந்த மாதிரித் தலையை ஆட்டி வைத்தேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. "அறுக்கணும்னு சொல்றாங்களா?" என்று துளசியைக் கேட்டேன்.

வீட்டில் செய்வதுபோலவே அவள் எக்கி என் காதருகே வாயை வைத்துக் கத்தினாள். "அறுக்க வேணாமாம்பா. கத்திக் கத்திப் பேசித்தான் வீங்கியிருக்காம். வளர்ற வயசுல இப்படிக் கத்தவே கூடாதாம்."

அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடைசி வார்த்தையில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. மூச்சைப் பிடித்து அதை மறுபடியும் கத்தினாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். துளசியிடம் ஏதோ கேட்டார். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னாள். அவள் வாயை எதுவும் மறைக்கவில்லை.

"ஸ்கூல்ல, கூட்டாளிங்ககிட்ட."

என் மானத்தைக் காப்பாற்ற என் பிள்ளை பொய் சொல்கிறது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"ஸ்கூல்ல இல்ல டாக்டர், என்கிட்டதான். எனக்குக் காது கேக்காது," என்றேன். இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "காது பாக்குற எடம் எத்தனாவது மாடி?"

கவசத்துக்குள்ளிருந்தே டாக்டர் பதில் சொன்னார். துளசி பழக்கதோஷத்தில் என் காதை நோக்கி எக்கினாள். அவள் வாயை என் கையால் மெல்லப் பொத்தினேன்.

அவள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.