அம்மா வளர்த்த கொசுப்புழு

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் எங்கள் சந்துக்கு என் அம்மா துமினிதான் கொசுப்புழுச் சோதனையாளர். வெள்ளிக்கிழமை காலை டார்ச்சோடு நாற்பது வீட்டுக் குளியல் தொட்டிகளையும் எட்டிப் பார்ப்பார். புழு இருந்தால் வாசலில் தொங்கும் அட்டையில் ‘உண்டு’ என்று எழுதுவார். அந்த வீட்டார் ஒரு வாரம் தலைகுனிந்து நடப்பார்கள். எங்கள் வீட்டு அட்டையில் ஒன்பது வருடமாக ‘இல்லை’தான். அம்மா அந்த அட்டையைத் தினமும் தூசு துடைப்பார்.

போன வாரம் சுகாதார ஆட்கள் வந்து எங்கள் வாசலில் மூடிபோட்ட வாளி ஒன்றை வைத்தார்கள். உள்ளே தண்ணீர், கொசு முட்டை, பிறக்கப்போகும் புழுக்களுக்கு மீன் தீனி. இது நல்ல கொசுவாம்; பெருகினால் டெங்கு குறையுமாம். இரண்டு வாரம் தொடக் கூடாது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்பதுபோல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு கியோனோவின் புறாக்கூண்டுக் கிண்ணத்தில் பதினோரு புழு.

“என்ன பாக் இது?” என்றார் அம்மா. எங்கள் ஊர் மரியாதையில் ஆண்கள் ‘பாக்’, பெண்கள் ‘இபு’.

“உங்க வீட்டுப் பிள்ளைங்கதான், இபு. வழி தவறி வந்துடுச்சுங்க.”

“புழு எப்படி ரோட்டைத் தாண்டும்?”

“ஊட்டி வளக்குறது நீங்க, எங்கிட்ட கேட்டா? நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லுங்க. நல்லதைக் கொன்னா பாவம்ல?”

அம்மா டார்ச் அடித்தார். பதினொன்றும் ஒரே மாதிரி நெளிந்தன. என் பக்கம் திரும்பினார்.

“காலேஜ் போறியே லே, சொல்லு.”

நான் படிப்பது பொருளாதாரம். குனிந்து பார்த்தேன். “பாக்க சாதுவாத்தான் இருக்கும்மா.”

அம்மா கிண்ணத்தைக் கவிழ்த்தார். “நான் கையெழுத்துப் போடாம வந்ததெல்லாம் கெட்டது” என்று சொல்லி ‘உண்டு’ எழுதினார்.

“சரி இபு, இப்ப உங்க வீடு” என்று கியோனோ செருப்பை மாட்டினார். பின்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா மண்டியிட்டு வாளியின் பக்கத் துளை வழியே பார்த்தார்.

“இருக்கா?” என்றார் கியோனோ.

“நிறைய.”

‘உண்டு’ என்றால் ஒன்பது வருடம் போச்சு. ‘இல்லை’ என்றால் பொய். பேனா அட்டைமேல் வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினார்: ‘உண்டு. நலமாக உள்ளன.’

“என்னோடதும் நலமாத்தானே இருந்துச்சு?” என்றார் கியோனோ.

அம்மா பேனாவை மூடினார். அடுத்த வீட்டுக்கு நடந்தார், வெயிலில் டார்ச்சை எரியவிட்டபடி.