மஞ்சள் விழுந்தால் நிறுத்து

சாயர்புரத்தில் அற்புதமணியின் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகியவர்களை ரோட்டில் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கை ஓய்ந்துபோவான். இவர்கள் நாற்பதைத் தாண்டமாட்டார்கள். "மஞ்ச விழுந்தா நிறுத்தணும். செவப்பு வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கப்பிடாது" என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு வந்து பிறந்த பிள்ளை எஸ்றா. கப்பலில் வேலை பார்த்த சம்பாத்தியத்தையெல்லாம் கொட்டி, ஆயிரம் சிசி ஜப்பான் பைக் ஒன்றை வாங்கி வந்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் வேகப் பேச்சுதான். இந்த பைக் முந்நூறு தொடும், அந்தக் கார் நானூறைத் தாண்டும் என்பான். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிற, விசிறி வைத்த விமானத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

"ஐநூறுதாம்ப்பா போகும். பிளேன்ல அது மாட்டுவண்டி."

அவன் பைக்கை எடுக்கும்போதெல்லாம் அற்புதமணி வாசலுக்கு வந்து, "மெதுவாப் போ ராசா" என்பார். அவன் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

விபத்து என்று போன் வந்தபோது அவருக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடிய சொந்தக்காரர்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்தச் சனியனை வாங்கும்போதே தடுத்திருக்க வேண்டாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மூளை செத்துவிட்டது, மெஷின் வைத்திருப்பதால் இருதயம் மட்டும் ஓடுகிறது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் அந்தக் கோபம் அவரைவிட்டுப் போகவில்லை.

அதைப் போக்கினவன் எஸ்றாவின் கூட்டாளி மெல்வின். புன்னைக்காயல்காரன். ஸ்கூட்டரில் கொஞ்சம் பின்னால் வந்து, நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

"அவன் வேகமாப் போவல அங்கிள். பைபாஸ் சிக்னல்ல மஞ்ச விழுந்துச்சு, நிறுத்திட்டான். பின்னால வந்த லாரிக்காரன், இவ்ளோ பெரிய பைக்கு, எப்படியும் பறந்துருவாம்னு நெனச்சு அவனும் அமுக்கிட்டு வந்துட்டான். போலீஸ்ட்ட அதத்தான் சொல்லி அழுதான்."

எந்தப் பாடத்தைப் பிள்ளை காதிலேயே வாங்கவில்லை என்று அற்புதமணி நினைத்திருந்தாரோ, அதை அவன் அப்படியே கேட்டிருக்கிறான். அந்த ஒரு தடவை கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று சுவரில் சாய்ந்து அழுதார்.

அவர் மனைவி ஜெபசுதாதான் முதலில் வாய் திறந்தாள். "சென்னைல ஒரு பிள்ளைக்கு இருதயம் வேணுமாம். நம்ம எஸ்றாவோடது சேருமாம். குடுத்துருவோம்ங்க."

எடுத்த நாலு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும், வாகைக்குளம் விமானத்தில் அனுப்புவோம் என்றார் டாக்டர்.

"அதைவிட வேகமான பிளேன் இல்லியா சார்?" என்று கேட்டார் அற்புதமணி. கேட்ட பிறகுதான் தன் குரல் எஸ்றாவின் குரல்போல் இருந்தது அவருக்கே தெரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை இருதயம் வைத்த பெட்டி ஆம்புலன்சில் ஏறியது. ஜெபசுதா பிள்ளையின் உடம்போடு ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டாள். அற்புதமணி எல் போர்டு போட்ட ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். மெல்வின் பக்கத்தில் உட்கார்ந்தான். வழிநெடுக போலீஸ் மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தது. அறுபது, எண்பது, தொண்ணூறு. அந்தக் காரின் முள் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் போனதில்லை.

பைபாஸ் சிக்னலை ஆம்புலன்ஸ் ஒரே வீச்சில் தாண்டியது. இவர் கார் கோட்டை நெருங்கும்போது மஞ்சள் விழுந்தது.

"போங்க அங்கிள், நம்மளையும் விடுவாங்க" என்றான் மெல்வின்.

அதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஓரத்தில் உடைந்த கண்ணாடித் தூள் இன்னும் கிடந்தது. அவர் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

ஆம்புலன்ஸ் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. அற்புதமணி கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"வேகமாப் போ ராசா" என்றார். "வேகமாப் போ."