துரை வண்டியில் தண்ணீர்

கந்தப்பன் ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் கையை விட்டுப் பெட்ரோல் டாங்கியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் அவன் தங்கை கருப்பம்மா, தாய் பெரியாயியின் தலையை மடியில் வைத்து, வாயோரம் வழிந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

காலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பாறையிலிருந்து சறுக்கி விழுந்தவள் பெரியாயி. தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள ஒடைஞ்சிருக்கு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார். தோட்டத் துரை மறுபேச்சில்லாமல் தன் காரைக் கொடுத்தார். அதை ஓட்டுகிறவனே கந்தப்பன்தான். வண்டி தோட்டத்துக்கு வந்து இன்னும் புதுமணம் போகவில்லை.

ஹாலிஎலைக்கு முந்திய ஏற்றத்தில் அது இருமியது, துள்ளியது, நின்றுவிட்டது.

"என்னண்ணே ஆச்சு?"

கந்தப்பன் எழுந்து உள்ளங்கையை நீட்டினான். பெட்ரோல் ஜில்லென்று காய்ந்துபோக, ரேகைகளுக்கு நடுவே முத்து முத்தாக என்னவோ மிஞ்சி நின்றது.

"தண்ணி. அடியில தண்ணி நிக்குது."

பெரியாயி பாதிக் கண்ணைத் திறந்தாள். "ஒங்க தொரை வண்டி நோஞ்சான் மாடு கணக்கா படுத்துக்கிச்சாடா?"

"பேசாதம்மா."

வடித்தான். முன்னால் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினான். வண்டி உறுமிக் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி இருமல். மறுபடி இறங்கினான்.

"ஒவ்வொரு டின்னும் ஆட்டுத் தோல்ல வடிகட்டித்தான் ஊத்துறேன். தோல் போட்டா ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது." திருகாணியைத் தேடினான். "நேத்து அவசரத்துல தோலு போடாம விட்டுட்டேனா? ஞாபகம் வரலியே, புள்ள."

"என்ன தண்ணிடா?" என்றாள் பெரியாயி.

"பெட்ரோல்ல தண்ணி பூந்துருச்சும்மா. அதான் இஞ்சினுக்கு மூச்சு முட்டுது."

பெரியாயி மகனையே பார்த்தாள். விரல்கள் அவன் சட்டையைத் தேடின. "கந்தா, அது..."

"பேசாதன்னு சொல்றேன்ல. ரத்தம் வருது பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கந்தப்பன் மீதியையும் வடித்துவிட்டுக் கிளப்பினான். அதற்கப்புறம் வண்டி நிற்கவேயில்லை. எஞ்சின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. மடியில் இருந்த தலை மட்டும் ஒரு வளைவில் திடீரென்று கனத்தது.

"அம்மா தூங்குதா?" திரும்பாமலே கேட்டான்.

"ம்" என்றாள் கருப்பம்மா. தாயின் பாதி திறந்த கண்களை விரலால் மூடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னால வந்திருந்தா" என்று ஆரம்பித்து, கந்தப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செய்தி கேட்டுப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்த தகப்பன் அழகையாவை, திரும்பும் வழியில்தான் ஏற்றிக்கொண்டார்கள். அவர் ஏறியதிலிருந்து மனைவியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த பிறகும் கந்தப்பன் உள்ளே வரவில்லை. பெட்ரோல் நாறும் கைகளைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"நாந்தாம்ப்பா கொன்னேன்" என்றான்.

"கிறுக்கா" என்றார் அழகையா. "பொறந்ததுலேர்ந்து மோட்டார்ல ஏறாதவள ஏத்திக்கிட்டுப் போனவன் நீ."

உடலைக் குளிப்பாட்டி முடித்த அடுத்த வீட்டு ராசம்மா நிமிர்ந்தாள். "போன வாரம் கதிர்காமம் நடந்தே போய்த் தீர்த்தம் கொண்டாந்தீங்களே. ரெண்டு சொட்டு வாயில விடு புள்ள."

சாமி படத்துக்குக் கீழே இருந்த செம்பை எடுத்துக் கவிழ்த்தாள் கருப்பம்மா. ஒன்றுமில்லை.

"யப்பா, தீர்த்தம் எங்க?"

"அதா? நேத்துப் பொழுதுபட ஒங்கம்மா எடுத்துக்கிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போனா. வேணாம்டின்னேன், கேக்கல. மேல தெளிச்சா காத்துல காஞ்சிருமாம். வயித்துக்குள்ள இருந்தா வண்டி பள்ளத்துல எறங்காதாம். பெட்ரோல் ஊத்துற மூடியத் தொறந்து மொத்தத்தையும் ஊத்திட்டு வந்தா."

அழகையா வாசற்படியில் நின்ற மகனைப் பார்த்தார்.

"ஒன் உசுருக்குக் காவலுன்னு சொன்னா."