வெள்ளையடித்த சுவர்

...வெள்ளையடித்திருக்கக் கூடாதுதான், யார் இல்லை என்றது, ஆனால் இந்த இன்சூரன்ஸ் ஆள் மழை விட்ட கையோடு வந்திருந்தால் அவள் ஏன் வெள்ளையடிக்கப் போகிறாள், போன் பண்ணிப் பண்ணி வாய் வலித்ததுதான் மிச்சம், கடலூர் இருக்கு, முடிச்சூர் இருக்கு, உங்க வல்லம் பக்கம் வரும்போது வருவாங்கம்மா என்று ஒரு பெண் குரல் குழைந்து குழைந்து சொன்னதே தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது கிறிஸ்துமஸ் வாசலில் வந்து நிற்கும்போது ஷூவைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நிற்கிறார், கழுத்தில் கேமரா, நாலு சுவரையும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்க்கிறார், பார்த்துவிட்டு, “தண்ணி எதுவரைக்கும் வந்துதும்மா?” என்கிறார். அற்புதமேரி இடுப்பில் கை வைத்துக் காட்டினாள், இம்மாம் சார், இடுப்புக்கு மேல. அவர் சுவரைப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, சேற்றுக் கோடு போகவில்லை என்று உப்புத்தாள் வாங்கித் தேய்த்து, ஆள் வைத்து ரெண்டு கோட்டிங் அடித்த சுவர், மருந்துக்கும் கறை கிடையாது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, அதைக் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போட்டோ எதுவும் எடுத்து வெக்கலியாம்மா என்றார். எடுத்தது, எடுத்த போனோடு தண்ணீரில் போனது. கட்டில், மெத்தை, பிரிட்ஜ்? நாறிப்போய் பஞ்சாயத்து டிராக்டரில் ஏற்றி அனுப்பியாயிற்று சார். நல்லா க்ளீனா வெச்சிருக்கீங்க என்றார் அவர், பாராட்டுகிறாரா குத்துகிறாரா தெரியவில்லை.

கேரல் பாடுகிறவர்கள் வருவார்கள் சார், எப்படி அப்படியே போட்டு வைக்க முடியும்... இதை இந்த ஆளிடம் சொன்னால் புரியுமா? இந்தத் தெருவில் டிசம்பரில் வெள்ளை பார்க்காத வீடு என்றால் அது சாவு விழுந்த வீடு, ஸ்டார் கட்டாமல், குடில் வைக்காமல், அந்த வருஷம் கேரல்காரர்கள் வாசலில் மேளத்தை நிறுத்தி, சத்தமில்லாமல் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் வீட்டில் யார் செத்தது? தண்ணீர் வந்தது, போனது, அவ்வளவுதானே. தண்ணீரே ஏறாத மேட்டுத் தெருவில் இருந்துகொண்டு நாத்தனார் ஷாலின் முந்தானையால் மூக்கைப் பொத்திப் படியேறி, “ஐயோ அண்ணி, இந்த வாசனைல எப்டிதான் தூங்குறீங்களோ” என்று இழுத்தாளே, அந்த இழுப்புக்காகத்தான் மறுநாளே பெயிண்ட் கடைக்கு ஓடியது. வேண்டாம்டி, இன்சூரன்ஸ்காரன் வந்துட்டுப் போகட்டும் என்று யேசுராஜ் ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான். பெண்டாட்டி முறைத்தால் செக்யூரிட்டி டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிடுகிற மனுஷன் அவர், இன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறார்.

“அந்த விரிசல் பழசா இருக்கலாம்ல?” கிழக்குச் சுவரைக் காட்டிக் கேட்கிறார். பழசா? ஒரு கை நுழைகிற விரிசல், அடுத்த மழைக்கு நிக்காது, இடிச்சுத்தான் கட்டணும் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்ட விரிசல், இந்தப் பணம் வந்தால்தான் இந்த வீடு வீடாக இருக்கும், வராவிட்டால் பேங்க் லோன் மட்டும் இருக்கும். “இல்ல சார், வெள்ளத்துலதான் வுட்டுது. கம்பெனி காம்பவுண்டு எழுப்பிட்டாங்க சார், வாய்க்கால் அடைச்சுகினு போச்சு, தண்ணி மொத்தமும் நம்ம வூட்டுக்குத்தான் திரும்பிச்சு.” சரிம்மா, இருக்கட்டும், தண்ணி நின்ன அடையாளம் ஒண்ணாவது இருந்தாத்தானே நான் எழுத முடியும்? இப்படி எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். பிளாட் விற்றவனும் நியாயமாகத்தான் பேசினான், ஏரிக்கால்வாய் எந்தக் காலத்துலயோ தூந்துபோச்சும்மா என்றான், அண்ணன் மகன் ஃபிரடி பாலிசி போட்டுக் கொடுத்தபோது, பக்கத்துல ஏரி எதுனா இருக்குதா அத்தை என்று கேட்டுவிட்டு அவனே இல்லை என்று சொல்லிக்கொண்டான், அவளும் சிரித்தாள், ஏரி இருந்த இடத்தில்தான் கம்பெனி இருக்கிறதே... அதே வாயோடு, வாடகைக்கு வுட்டுருக்கேன்னு சொன்னீங்கன்னா அது வேற கணக்கு, சொந்த உபயோகம்னே போட்டுடறேன் என்றான். நேற்று அவனே போன் பண்ணி, “பின்னாடி ரூமை மட்டும் அந்தாளுக்குக் காட்டாதீங்க அத்தை, வாடகைன்னு தெரிஞ்சா மொத்தமும் பூடும்” என்றான்.

பின்னாடி ரூம். அங்கே கோடு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், அங்கே அவள் வெள்ளையடிக்கவில்லையே, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற தெற்கத்திப் பெண்கள் நாலு பேர் தங்குகிற அறைக்கு எதற்கு வெள்ளை, கேரல் அங்கேயா போகப்போகிறது என்று விட்டுவிட்டாள். கருமித்தனமே கைகொடுக்கிற மாதிரி வந்து, கொடுக்க முடியாமல் நிற்கிறது பார். காட்டினால் அடையாளம் கிடைக்கும், பாலிசி போகும். காட்டாவிட்டால் பாலிசி இருக்கும், பணம் வராது. மாதாவே, இதற்கு என்ன பேர்... அவர் பேனாவை மூடினார். சரிம்மா, நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பியபோதுதான், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள் தோளில் துண்டோடு பக்கவாட்டு வழியாக வந்து நின்றாள், வெள்ளம் வடிந்ததும் ஊருக்குப் போன மற்ற மூன்று பேரும் திரும்பவில்லை, இவள் மட்டும் லீவு கிடைக்காமல் தங்கிவிட்டவள். “எக்கா, எங்க ரூம்ல கோடு அப்படியே கெடக்குல்லா, அதக் காட்டுங்களேன்.” நல்லது செய்கிறாளாம். அற்புதமேரி அவளைப் பார்த்த பார்வையில் சுவரே எரிந்திருக்கும், ஆனால் இன்சூரன்ஸ் ஆள் அதற்குள் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

படி இறங்கித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும், மண் நிரப்பச் செலவாகும் என்று பள்ளத்திலேயே எழுப்பிய அறை. வெள்ளத்துக்குப் பிறகு அவள் இங்கே காலே வைக்கவில்லை. கோடு பழுப்பாக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நாலு சுவரையும் சுற்றி ஓடியது, அந்தப் பெண் அதன் பக்கத்தில் போய் நின்றபோது அவள் கழுத்துக்குச் சரியாக இருந்தது. கழுத்துக்கா? இவ்வளவா வந்தது இங்கே? ஹாலில் இடுப்பளவு என்றால் இங்கே கழுத்துவரைக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்றவே இல்லை, அன்றைக்கு அவளும் யேசுராஜும் பத்திரத்தையும் இருதய ஆண்டவர் படத்தையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்களே, அந்தப் பெண்களை அவர் கூப்பிட்டிருப்பார் என்று இவளும், இவள் கூப்பிட்டிருப்பாள் என்று அவரும்... மாடிப்படி கிரில் கேட் வேறு பூட்டிக்கிடந்தது, பெண்கள் மாடியில் துணி காயப்போடக் கூடாதென்று அவள் போட்ட பூட்டு, எவளோ ஒருத்தி அதைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள், சாவியைத் தேட எவ்வளவு நேரம் ஆனது? யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் பேச்சை எடுக்கவில்லை, எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் இல்லையா, பிறகென்ன.

இன்சூரன்ஸ் ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது, இது போதும்மா, தாராளமாப் போதும் என்று படம் படமாக எடுத்தார். எடுத்துவிட்டு, இந்த ரூம்ல யார் இருக்காங்க என்றார் சாதாரணமாக. அற்புதமேரி முந்திக்கொண்டாள். “சொந்தக்காரங்கதான் சார். என் தங்கச்சி பொண்ணு.” சொன்ன பிறகுதான் பயம் வந்தது, அந்தப் பெண் வாயைத் திறந்தால் முடிந்தது கதை. திறந்தாள். “ஆமா சார், எனக்குப் பெரியம்மா. இங்கருந்துதான் வேலைக்குப் போறேன்.” கேட்காமலே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்... எதற்காகச் சொன்னாள்? அற்புதமேரிக்கு நன்றி வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது, இனிமேல் இவளை ஒரு வார்த்தை அதட்ட முடியாதே என்றுதான் முதலில் தோன்றியது.

“வீட்ல இருக்கிறவங்க பேரைச் சொல்லிடுங்கம்மா, ரிப்போர்ட்ல போடணும்.” அற்புதமேரி, யேசுராஜ் என்றாள். எழுதினார். “பொண்ணு பேரு?” ஏய் பொண்ணு, இந்தாம்மா, ரூம் பொண்ணே... என்றுதானே இதுவரை கூப்பிட்டது, முத்துச்செல்வியா? இல்லை, அவள் வாடகை கொண்டுவந்து கொடுக்கிற கண்ணாடிக்காரி, ஊருக்குப் போய்விட்டாள். பூமாரி என்று யாரோ யாரையோ கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், அது இவளா, இல்லை அந்தக் குள்ளச்சியா? தங்கச்சி மகளின் பேர் தெரியாத பெரியம்மா. எழுதுகிற பேனா நின்று, அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள், சொல்லிவிடலாம், சொல்லத் தெரியாதவள் இல்லை, இப்போதுதானே ஒரு பொய்யையே அவ்வளவு அழகாகச் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை. இதைப் பெரியம்மாவே சொல்லட்டும் என்று அவளும் அற்புதமேரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.