கொம்புகளுக்கு நடுவே எலுமிச்சம்பழம்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை, அது வாட்ஸ்அப்பில் வந்தது. தெப்ராவ் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி ஷாமளா ஒரு படம் அனுப்பினாள். முழங்கை நீள இரும்பு, வண்டு மாதிரி உடம்பு, முன்னால் இரண்டு கொம்புகள். மேலெல்லாம் சந்தனம். கொம்புகளுக்கு நடுவே ஓர் எலுமிச்சம்பழம்.

"இது என்னா சாமான்னு தேடிச் சொல்லு லா. நீதான் எப்பவும் புக்கும் கையுமா இருக்கியே."

(முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூடுபனி சூழ்ந்த மாளிகையின் நிலவறையில்...' ஷாமளாவின் ஊரான கோத்தா திங்கியில் ஏது நிலவறை? தோண்டினால் தண்ணீர்தான் வரும். அடித்துவிட்டேன்.)

2

படத்தில் இருப்பது ஷாமளாவின் அப்பா திருச்செல்வத்தின் பூஜையறை. லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை இடித்தபோது அவருடைய அப்பாவுக்கு மண்ணுக்குள் கிடைத்த பொருள் இது. முனியாண்டி கொடுத்தது என்று வீட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். போன வெள்ளத்தில் டிவியை விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இதற்காக வீட்டுக்குள் திரும்பிப் போனார் திருச்செல்வம்.

இடம் மாறிய தோட்டத்துக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். இதை முனியாண்டியின் காலடியில் பதிக்கப்போகிறார்.

3

பழம்பொருள்களை அடையாளம் காணும் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். பதில் சீக்கிரமே வந்தது.

துரைமார் பூட்ஸ் கழற்றும் கருவி. ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டு, மறு காலின் குதிகாலைக் கொம்புகளுக்கு நடுவே கொடுத்து இழுக்க வேண்டும்.*

"அலமாக்," என்று தலையில் கைவைத்தாள் ஷாமளா. "பழம் வச்ச எடத்துலயா கால வைப்பாங்க?"

"அப்பாகிட்ட சொல்லாம விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"கோயிலுக்கு வர்ற எவனாச்சும் கண்டுபிடிச்சா? எங்க மாமா இப்பவே, 'உங்கப்பன் சாமிய பழைய இரும்புக் கடைல போட்டா நல்ல வெல போகும்'னு கிண்டல் பண்றாரு."

* ஒருவர் சிரிப்பு முகம் போட்டார். படத்தை அழித்துவிட்டேன்.

4

முடிவு ஒன்று: சொல்கிறோம். அவர் சிரிக்கிறார். (பொய். அந்தத் தண்ணீரில் இறங்கியவர் சிரிக்கமாட்டார்.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. பதித்து முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் குனிந்து பார்த்து, இது துரையோட

(எழுத மனம் வரவில்லை.)

இந்த இடத்தில் திருச்செல்வத்தை அப்பாவி என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். சனிக்கிழமை நேரில் பார்த்த பிறகு அதை எடுத்துவிட்டேன்.

5

திருச்செல்வம் எங்களுக்குப் பால் விடாத தே ஓ கொடுத்தார். "நீதான் தேடுனியாமே, மா?"

"ஆமா, அங்கிள்."

ஷாமளா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு மூஞ்சியும் சரியில்லயே." எழுந்து போய்ப் பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நல்ல சேதின்னா சொல்லு, கதவத் தொறக்குறேன், உள்ள போய் பேசலாம். வேற மாதிரின்னா இங்கயே சொல்லிடு மா. சாமி காதுல விழ வேணாம்."

அடுத்து 'நான்' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறக்கச் சொல்லவா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்.